அடுத்த தகவல்: விற்பனைக்கு வந்த ஜார்ஜியன் காலத்து வீடு

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில், நவீனப்படுத்த வேண்டிய நிலையில் விலைக்கு வந்துள்ள ஜார்ஜியன் காலத்து (18ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை) வீட்டை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது வீட்டின் நிலையைச் சோதித்த சர்வேயரின் அறிக்கை கைக்கு வந்துவிட்டது.

கூரையும் அஸ்திவாரமும் உறுதியாகவே உள்ளன. தொல்லை சுவரில்தான். சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய சுவர்கள் உறிஞ்சிய ஈரத்தைக் காற்றில் விட்டுக் காய்பவை. பின்னாளில் யாரோ வெளிப்புறம் சிமெண்ட் பூசிவிட்டதால் ஈரம் வெளியேற வழியின்றி ஊறி, சாப்பாட்டு அறைச் சன்னலுக்குக் கீழே விரல் வைத்தாலே பூச்சு உதிர்கிறது. ஈரத்தைத் தடுக்கச் சுவருக்குள் செலுத்தும்படி சிலர் பரிந்துரைத்த ரசாயன ஊசி இதற்குத் தீர்வாகாது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவதே வழி.

வீடு பழமையான கட்டடங்களுக்கான கிரேடு 2 பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களைச் சரிசெய்யும் பொறுப்பும் வாங்குபவர் தலையில் விழக்கூடும் என்பதால், பின்புறத்துப் பிளாஸ்டிக் சன்னல்களுக்கு அனுமதிக் கடிதம் உண்டா என்று வழக்கறிஞர் மூலம் கேட்டிருக்கிறேன். (அவை கண்ணை உறுத்துவது வேறு விஷயம்.)

வீடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடப்பதற்குச் சான்று கிடைத்தால், தகுதியுள்ள புதுப்பிப்பு வேலைகளுக்கு மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதம்தான். செப்டிக் டேங்க்கின் கழிவுநீர் நீரோடையில் நேரடியாகக் கலக்கிறது; 2020 முதல் அதற்கு இடமில்லை என்பதால், மாற்றும் செலவை விலையில் கழிக்கும்படி ஏஜெண்டிடம் எழுத்து மூலம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறேன்.