ஹோகார்த்தின் தைலவண்ண ஓவியம்: கையால் தீட்டிய நகல் வாங்கலாமா?

கேள்வி:
லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் 'மேரேஜ் ஆ-லா-மோட்' (பணத்துக்கும் பட்டத்துக்குமாகச் செய்த திருமணத்தைக் கண்டிக்கும்) வரிசையின் ஆறு ஓவியங்களில் இரண்டாவதற்கு நகல் வாங்க விரும்புகிறேன். மூலத்தில் வலப்பக்கம் சாய்ந்து கிடக்கும் கணவன், விற்பனையாளர் அனுப்பிய மாதிரியில் இடப்பக்கம் இருக்கிறானே, ஏன்?

பதில் 1:
அவர்கள் ஓவியத்தைப் பார்க்காமல், அதைச் செப்புத்தகட்டில் செதுக்கி 1745இல் வெளியிட்ட அச்சுப்படத்தைப் பார்த்துத் தீட்டியிருக்கிறார்கள். தகட்டில் செதுக்கியதைத் தாளில் அச்சிடும்போது காட்சி இடவலமாக மாறிவிடும். அதில் வண்ணமும் கிடையாது என்பதால், நீங்கள் பார்க்கும் நிறங்கள் நகலெடுத்தவரின் கற்பனையே. வாங்க வேண்டாம்.

பதில் 2:
பிழை என்று முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. அச்சில் சரியாக அமைய வேண்டும் என்றே ஹோகார்த் ஓவியங்களைத் திருப்பித் தீட்டினார். ஆனால் வண்ணத்தைப் பற்றிச் சொன்னது சரி.

பதில் 3:
அளவையும் கேளுங்கள். மூலம் ஏறத்தாழ 70 × 91 செ.மீ.; அதைப் பாதியாகக் குறுக்கினால், கணவனின் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்க்கும் வேறொருத்தியின் குல்லாயை நாய் மோப்பம் பிடிப்பதும், காலடியில் கிடக்கும் உடைந்த வாளும், கடன்சீட்டுக் கட்டோடு சலித்து வெளியேறும் காரியஸ்தரும் வெறும் வண்ணத் தீற்றல்களாகிவிடுவார்கள்; ஓவியர் சொல்லவந்த கண்டனமெல்லாம் அந்த நுணுக்கங்களில்தான் இருக்கிறது. பணம் கட்டுமுன் இம்மூன்று இடங்களின் அண்மைப் படங்களை அனுப்பச் சொல்லுங்கள்.