சென்னைக்கு வெப்ப அலை எச்சரிக்கை: இரவையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

உப்புக்காற்று:
வானிலைத் துறை கடலோர ஊருக்கு வெப்ப அலை அறிவிக்க வேண்டுமென்றால் பகல் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பைவிட (அந்த நாளுக்கான பல வருட சராசரியைவிட) 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். அதுவும் ஒரே வானிலை மண்டலத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள். (45-ஐத் தொட்டுவிட்டால் இயல்பு பார்ப்பதில்லை, அது வேறு.) மே கடைசியில் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் இயல்பே 38-ஐ ஒட்டி இருக்கிறது. அப்படியானால் 42-ஐத் தாண்டினால்தான் இங்கே வெப்ப அலை. 39 டிகிரி வெயிலும் கடல் ஈரமும் சேர்ந்து பத்து நாள் வாட்டினால் அது கணக்கிலேயே வராது.

இரவுக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. ஆனால் பகலில் 40 தொட்டிருந்தால்தான் அதையே எடுத்துப் பார்ப்பார்கள். என் பெரியம்மா வியாசர்பாடியில் சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில் இருக்கிறார். ராத்திரி ஒரு மணிக்கு ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். சின்டெக்ஸ் தண்ணீர் அந்த நேரத்திலும் சுடுகிறது. இரவு வெப்பம், ஈரப்பதம், எத்தனை நாள் நீடிக்கும் என்பது, இந்த மூன்றையும் சேர்த்து ஒரு வாரம் முன்பே எச்சரிக்கை வர வேண்டும்.

பாரமானி:
உங்கள் பெரியம்மாவின் கஷ்டம் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்பதைச் செய்தால் ஏப்ரல் நடுவில் இருந்து ஜூன் வரை சென்னைக்குத் தினமும் மஞ்சள் எச்சரிக்கைதான். பத்தாவது நாள் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 2003 மே 31-இல் இங்கே 45 டிகிரி அடித்தது. அப்படி ஒரு நாள் வரும்போது வேறு எந்த நிறத்தைக் காட்டுவீர்கள்? ஈரப்பதத்தோடு கூடிய புழுக்கத்துக்குத் துறை ஏற்கெனவே தனியாக எச்சரிக்கை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அப்புறம், ஒரு வாரம் முன்பே என்கிறீர்கள். ராஜஸ்தானில் சொல்லலாம். அங்கே உயர் அழுத்தம் மேலே வந்து உட்கார்ந்தால் காற்று கீழிறங்கிச் சூடாகிக்கொண்டே இருக்கும், நாள் கணக்கில் நகராது. சென்னையில் எல்லாம் கடல்காற்றைப் பொறுத்தது. நண்பகலுக்கு நுழைந்தால் 37-இல் நிற்கும். மேற்குக் காற்று தள்ளி, மூன்று மணி வரை நுழையவிடாமல் செய்தால் 41. இந்த மூன்று மணி நேர வித்தியாசத்தை எட்டு நாள் முன்பு எந்தக் கணினி மாதிரியும் உறுதியாகச் சொல்லாது. 2019-இல் ஃபனி புயல் தமிழகத்துக்கு வரும் என்று முதலில் எவ்வளவு பேச்சு! கடைசியில் மே 3-ஆம் தேதி பூரியில் கரை கடந்தது. சொல்லி நடக்காமல் போனால் அடுத்த முறை நம்ப ஆள் இருக்காது.

பரமத்திக்காரன்:
சார், நான் கரூர் பக்கம் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். உங்களுக்கு உறுதி வேண்டும், எனக்கு அவகாசம் வேண்டும். 2024 ஏப்ரல் 1-ஆம் தேதியே வானிலைத் துறையில் சொன்னார்கள்: வழக்கமாக 4 முதல் 8 நாள் இருக்கும் வெப்ப அலை, அந்தக் கோடையில் பல பகுதிகளில் 10 முதல் 20 நாள் வரை இருக்கலாம் என்று. நாட்டுக்கே பொதுவாகச் சொன்னதுதான், எங்கள் ஊர்ப் பெயர் அதில் இல்லை. ஆனாலும் அதை நம்பி கான்கிரீட் வேலையை விடிகாலைக்கு மாற்றினேன். ஏப்ரல் கடைசியில் ஈரோடு 42-ஐத் தாண்டியது. நேரத்தை மாற்றுவதென்றால் சும்மா இல்லை. ஜல்லி லாரி, மிக்சர் வாடகை, சித்தாள் அக்காக்களுக்கு வீட்டு வேலை முடித்துவிட்டு வரும் நேரம், எல்லாவற்றையும் பேசி முடிக்கவே பத்து நாள் ஆகும். முதல் நாள் சாயங்காலம் வரும் சிவப்பு எச்சரிக்கையை வைத்து நான் என்ன செய்ய? நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்றாலும் சொல்லுங்கள்.

பாரமானி:
அதை நான் மறுக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் நான்கு வாரத்துக்கான முன்னறிவிப்பு வருகிறது, திட்டமிட அதைப் பாருங்கள். நான் எதிர்ப்பது நிறம் போட்டு, ஊர்ப் பெயர் போட்டு மக்களுக்கு விடும் எச்சரிக்கையை.

வார்டு செவிலி:
இரவைப் பற்றிப் பேசுவதால் நானும் சொல்கிறேன். வெயிலில் வேலை செய்து மயங்கி விழுபவர் முதல் நாளே வந்துவிடுவார். வயதானவர்கள் அப்படி வருவதில்லை. மூன்றாம் நாள், நான்காம் நாள், அதுவும் அதிகாலையில் கொண்டுவருவார்கள். ராத்திரி உடம்பு ஆறவே இல்லை, இதயம் ஓய்வில்லாமல் ஓடியிருக்கும். பலர் பிரஷருக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள். பேச்சு குழறும், தொட்டால் சுடும். காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலேயே பாராசிட்டமால் கொடுத்திருப்பார்கள். வெப்பத் தாக்கத்துக்கு அது உதவாது. உடனே உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. வந்தவுடன் உடல் வெப்பநிலையை அளந்து எழுதினால்தானே காரணம் தெரியும்? பல நேரம் மாரடைப்பு என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

உப்புக்காற்று:
சிஸ்டர் சொன்னதைத்தான் பிரான்ஸ் 2003-இல் பெரிய விலை கொடுத்துக் கற்றது. அந்த ஆகஸ்டில் சுமார் 15,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அடுத்த வருடமே முறையை மாற்றினார்கள். இப்போது அங்கே மூன்று நாள் சராசரி பார்க்கிறார்கள், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. பாரிசுக்குப் பகல் 31, இரவு 21. ஊருக்கு ஊர் எல்லை வேறு. பாரமானி சார், இரவைச் சேர்த்ததால் அங்கே தினமும் எச்சரிக்கை பறக்கிறதா?

பாரமானி:
இல்லை. ஏன் இல்லை என்று பாருங்கள். அந்த 31, 21 எல்லாம் பழைய சாவுக் கணக்கை வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்து எடுத்த எண்கள். அகமதாபாத்தும் அதைத்தான் செய்தது. 2010 மே மாதத்தில் 46.8 டிகிரி அடித்தது, அந்த மாதம் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அதைத் தோண்டிப் பார்த்துத்தான் 2013-இல் செயல்திட்டம் போட்டார்கள். சென்னை இரவுக்கு நீங்கள் எந்த எண்ணை வைப்பீர்கள்? 29-ஆ, 30-ஆ, 31-ஆ? மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் நாள்வாரிக் கணக்கு இருக்கிறது. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் இரவு வெப்பநிலை பல பத்தாண்டுகளுக்கு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எண் தானாக வரும். அதற்கு முன் எல்லை வைப்பது குத்துமதிப்பு.

உப்புக்காற்று:
அந்த ஆய்வு முடிய எத்தனை கோடை ஆகும்? அதுவரை பெரியம்மா மாதிரி ஆட்கள் காத்திருக்க முடியாது. இப்படிச் செய்யலாமே. தொடர்ந்து மூன்று இரவு 30-க்குக் கீழே இறங்காது என்று தெரிந்தால், பொதுமக்களுக்கு நிறம் எதுவும் வேண்டாம். மாநகராட்சி சுகாதார நிலையங்களுக்கு மட்டும் தகவல் போகட்டும். தனியாக இருக்கும் முதியவர்களைக் காலையில் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

வார்டு செவிலி:
வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு டிஜிட்டல் வெப்பமானி கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. மாத்திரைப் பட்டியலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பரமத்திக்காரன்:
கரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 மே முதல் வாரத்தில் மாநிலத்தின் மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. ராத்திரி பத்து மணிக்குத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் போனால் ஃபேனும் இல்லை. சூடான இரவு வரும் என்று மின்வாரியத்துக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பாரமானி:
சுகாதார நிலையத்துக்கும் மின்வாரியத்துக்கும் என்றால் எனக்கு மறுப்பில்லை, தவறினாலும் நம்பிக்கை கெடாது. ஆனால் யாருடைய இரவை வைத்து? மீனம்பாக்கம் விமான நிலையத் திறந்தவெளி, நுங்கம்பாக்கம் மரம் இருக்கும் வளாகம். ஷீட் வீட்டுச் சந்துக்குள் எவ்வளவு என்று இரண்டுமே சொல்லாது. வியாசர்பாடியில் நாலு சந்தில் கருவி வைத்து ஒரு கோடை முழுக்க அளக்கட்டும். வித்தியாசம் எத்தனை டிகிரி என்று தெரிந்தபின் உங்கள் 30-ஐப் பற்றிப் பேசலாம்.