405 லேசர் டையோடு மங்கிவிட்டது, 450 சூடானால் தளர்கிறது: அடுத்து எதை வாங்கலாம்?

மரக்கோடு (கேள்வி)

வணக்கம். வீட்டில் கட்டிய ஜிஆர்பிஎல் (கன்ட்ரோலர் மென்பொருள்) லேசர் எந்திரத்தில் எனக்கு இரண்டு வேலை: ப்ளைவுட்டில் எழுத்து பொறிப்பது, டிரை பிலிம் (ஒளி பட்டால் கெட்டியாகும் படலம்) ஒட்டிய காப்பர் போர்டில் சர்க்யூட் வரைவது. இரண்டு டையோடிலும் சிக்கல்.

450 நானோமீட்டர்: 9 மி.மீ. கேன் (உலோக உறை). "என்டிபி 7875, 3 வாட்" என்று சொல்லி உதிரியாக விற்றது. 12 மி.மீ. பித்தளை மாட்யூலில் (டையோடும் லென்ஸும் உட்காரும் குழாய்) மாட்டி 1.8 ஆம்பில் ஓடுகிறது. முதல் அரை நிமிடம் நன்றாகக் கருக்குகிறது, அதற்குப் பிறகு தளர்கிறது. அணைத்து ஆறவிட்டால் பழைய வலு திரும்பிவிடுகிறது.

405 நானோமீட்டர்: பயோனியர் பிடிஆர் 209 ப்ளூ-ரே ரைட்டரிலிருந்து எடுத்த டையோடு, 350 மில்லிஆம்ப். இப்போது மங்கலான ஊதா வெளிச்சம் மட்டும்தான். லென்ஸை எப்படித் திருகினாலும் புள்ளி கூடவில்லை.

இரண்டுக்கும் 12 வோல்ட் அடாப்டர், எக்ஸ்எல் 4015 கரண்ட் லிமிட் மாட்யூல். மாட்யூலின் வோல்டேஜ் திருகு 10 வோல்ட்டில் இருக்கிறது. டையோடுக்குத் தொடராக ஒரு மாஸ்ஃபெட் (ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போட்டு, கன்ட்ரோலரின் பிடபிள்யூஎம் (வேகத் துடிப்பு) சிக்னலால் அணைத்து ஏற்றுகிறேன். எது பழுது? 405-க்குப் பதிலாக அதைவிடப் பெரிய வாட்டில் ஒன்று வாங்கிவிடலாமா?

சுருள்கம்பி

405-ஐக் கொன்றது அந்த மாஸ்ஃபெட்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாஸ்ஃபெட் அணைந்ததும் கரண்ட் பூஜ்ஜியமாகிறது. கரண்ட் போதவில்லை என்று நினைத்து எக்ஸ்எல் 4015 மாட்யூல் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். அவுட்புட் கெபாசிட்டர் நீங்கள் வைத்த 10 வோல்ட் வரை நிரம்பிவிடும். மாஸ்ஃபெட் திறக்கும் கணத்தில் அந்த 10 வோல்ட்டும், 5 வோல்ட் சொச்சத்தில் ஓட வேண்டிய டையோடின் மேல் விழுகிறது. இடையில் தடுக்க ஒயரைத் தவிர ஒன்றுமில்லை. சில மைக்ரோ விநாடிக்குள் பல ஆம்ப் பாய்ந்து டையோடு சில்லின் முகப்பு (ஒளி வெளிவரும் கண்ணாடி முனை) கருகும். நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை இதே அடி. 450-ன் முகப்பு அகலமானது என்பதால் தாங்கியிருக்கிறது.

மங்கிய வெளிச்சம், கூடாத புள்ளி என்றால் அது லேசராக இல்லை, வெறும் எல்ஈடி ஆகிவிட்டது. கரண்டைக் கூட்டிப் பார்க்காதீர்கள், அது திரும்பாது.

கரண்ட் லிமிட் மாட்யூலுக்குப் பின்னால் ஸ்விட்ச் போடுவதே தவறு. டிடிஎல் (ஆன்/ஆஃப் சிக்னல்) இன்புட் உள்ள லேசர் டிரைவர் வாங்குங்கள். அது கரண்ட் லூப்பையே ஏற்றி இறக்கும், கெபாசிட்டரைத் திறந்துவிடாது. டையோடை மாட்டும்போதும் ஒரு ஒழுங்கு வேண்டும். பவர் அணைத்து, டிரைவர் அவுட்புட்டை ஷார்ட் செய்து காலியாக்கி, டையோடைச் சால்டர் வைத்து, கடைசியில் ஷார்ட்டை எடுத்துவிட்டுப் பவர் கொடுங்கள். முதலை கிளிப் கூடவே கூடாது. அது ஒருமுறை நழுவித் தொட்டாலும் இதே கதைதான்.

இன்னொன்று. எக்ஸ்எல் 4015 மாட்யூல்களில் கரண்டை அளக்கும் ஷன்ட் (சிறு ரெசிஸ்டர்), இன்புட் நெகட்டிவுக்கும் அவுட்புட் நெகட்டிவுக்கும் நடுவில் இருக்கிறது. டையோடின் கேன் நெகட்டிவோடு சேர்ந்திருந்து, ஹீட்சிங்க் எந்திரத்தின் ஃபிரேமைத் தொட்டு, ஃபிரேம் அடாப்டர் கிரவுண்டோடு சேர்ந்தால் ஷன்டைச் சுற்றி வேறு வழி திறந்துவிடும், லிமிட் இருந்தும் இல்லாத மாதிரிதான். மாட்டுவதற்கு முன் கேனுக்கும் இரண்டு காலுக்கும் தொடர்பு உண்டா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

நீலப்புள்ளி

450-க்கு வருகிறேன். தளர்வு டையோடிலா, டிரைவரிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். டையோடுக்குத் தொடராக 0.1 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் போடுங்கள், 1.8 ஆம்ப் என்றால் அதன் மேல் 180 மில்லிவோல்ட் காட்டும். ஒளி தளரும்போது இந்த எண்ணும் இறங்கினால் பழி டிரைவர் மேல் அல்லது அடாப்டர் மேல். எண் அசையாமல் ஒளி மட்டும் தளர்ந்தால் சூடுதான்.

டிரைவரைத் தனியாகச் சோதிக்க டையோடைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. 1என் 5408 (சாதாரண ரெக்டிஃபையர் டையோடு) ஆறு எண்ணம் தொடராகக் கோர்த்தால் நாலரை வோல்ட் அளவு விழும், 450-க்கு அது பொருத்தமான டம்மி லோடு. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருள். 405-க்கு 1என் 4007 ஏழு போடுங்கள்.

மல்டிமீட்டரின் டையோடு சோதனையில் எதுவும் காட்டவில்லை என்று நல்ல டையோடைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. நீலம், ஊதா இரண்டுமே 3 வோல்ட்டுக்கு மேல்தான் திறக்கும். பல மீட்டர்கள் அந்த அளவுக்கு வோல்டேஜ் கொடுப்பதே இல்லை.

விற்றவர் சொன்ன பெயரைவிட, ஒளி எந்தக் கரண்டில் லேசராகத் திரும்புகிறது என்பதே பெரிய சாட்சி. வெள்ளைப் பீங்கான் துண்டில் கதிரை விழவைத்து, அரை மீட்டர் தள்ளி பிபிடபிள்யூ 34 போட்டோடையோடும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வைத்து, கரண்டை 50 மில்லிஆம்ப் படிகளாக ஏற்றிக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் கோடு சட்டென்று நிமிரும். குளிர்ந்த நிலையில் குறித்து வைத்த அந்த முழங்கால் (கோடு நிமிரும் இடம்) பின்னாளில் மேலே நகர்ந்தால் டையோடு தேய்கிறது என்று பொருள்.

மரக்கோடு

மாஸ்ஃபெட்டைக் கழற்றி, வோல்டேஜ் திருகை 5-க்கு இறக்கிவிட்டு அளந்தேன். ரெசிஸ்டர் மேல் 180 அப்படியே நிற்கிறது. டையோடு வோல்டேஜ் மட்டும் 4.4-லிருந்து 4.3-க்கு இறங்குகிறது. பித்தளை மாட்யூலில் விரல் வைக்க முடியவில்லை. கோடு நிமிர்வது 250 மில்லிஆம்ப் அருகில், அதற்குமேல் நேராக ஏறுகிறது.

நீலப்புள்ளி

அப்படியென்றால் டையோடு நன்றாக இருக்கிறது, சூடு போக வழியில்லை, அவ்வளவுதான். 1.8 ஆம்ப், 4.4 வோல்ட் என்றால் உள்ளே போவது 8 வாட். ஒளியாக வருவது இரண்டு சொச்சம். மீதி ஐந்தரை வாட் அந்தச் சின்னக் குழாயில் தேங்குகிறது. பித்தளை வெப்பத்தைக் கடத்துவது செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செம்பு மாட்யூல் வாங்கி, டையோடின் விளிம்பு முழுதும் உட்காரும்படி நேராக அழுத்திப் பொருத்துங்கள். கோணலாக ஏறினால் ஒரு பக்கம் மட்டுமே தொடும். அதை அலுமினிய ஹீட்சிங்கில் தெர்மல் பேஸ்டோடு இறுக்கி, 40 மி.மீ. மின்விசிறி ஒன்று வையுங்கள். காற்று லென்ஸ் பக்கம் புகையைத் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸில் படியும் பிசினும் இதே மாதிரித் தளர்வைக் காட்டும், ஆனால் அது ஆறவிட்டாலும் திரும்பாது.

ஒளிக்கணக்கு

வாங்கும் கேள்விக்கு நான் வருகிறேன். 405-ல் பெரிய வாட் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். டிரை பிலிமுக்குச் சதுர செ.மீ.க்கு 30 மில்லிஜூல் என்று வைத்துக்கொள்வோம். கோட்டுக்குக் கோடு இடைவெளி 0.05 மி.மீ., வேகம் விநாடிக்கு 100 மி.மீ. என்றால் நொடிக்கு 0.05 சதுர செ.மீ. பரப்பு; அதற்குத் தேவை 1.5 மில்லிவாட்! லென்ஸ் இழப்பெல்லாம் சேர்த்தாலும் 20 மில்லிவாட் டையோடு தாராளம்.

பிடிஆர் 209 போன்றவை பல நூறு மில்லிவாட் தரக்கூடியவை. அதை 2 மில்லிவாட்டுக்கு அடக்கி ஓட்டினால் முழங்காலின் விளிம்பில் தள்ளாடும். சூடு கொஞ்சம் மாறினாலும் டோஸ் (பிலிம் மேல் விழும் ஒளியின் அளவு) இரட்டிப்பாகும் அல்லது செத்துப்போகும். புள்ளியைச் சுற்றி எல்ஈடி வெளிச்சம் வேறு பரவி, கோட்டின் ஓரம் கலங்கும். சிறிய ஒற்றை மோடு (ஒரே சீரான கதிர் தரும்) 405 வாங்கினால் புள்ளி வட்டமாக, கூர்மையாக வரும். 450-ஐ வைத்தே பிலிமையும் எரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த நிறத்துக்குப் பிலிம் கிட்டத்தட்டக் குருடு.

மரத்துக்கு 450-தான். அதிலும் வாட் மட்டும் பார்த்தால் ஏமாற்றம். என்யூபிஎம் 44 என்ற பெரிய நீல டையோடு நாலரை ஆம்பில் 7 வாட் அளவு தரும், ஆனால் ஒளி வரும் பட்டை அகலம். குவித்தாலும் புள்ளி நீள்சதுரமாகத்தான் விழும். வெட்டுவதற்கு அது சரி, நீள அச்சு போகும் திசையில் கோடு மெலிதாக இருக்கும். நுண்ணிய எழுத்துக்கு ஆஸ்ராமின் 5.6 மி.மீ. கேன், 1.6 வாட் பிஎல் டிபி 450பி அழகான கோடு போடும். உங்கள் கையில் உள்ள 9 மி.மீ. இரண்டுக்கும் நடுவில். சூட்டைச் சரிசெய்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக 450 வேண்டாம். லென்ஸ் மட்டும் மூன்று அடுக்காக இருந்தால் ஒற்றை அடுக்கு ஜி2-க்கு மாற்றுங்கள். வீணாகும் ஒளி குறையும்.

விளம்பரத்தில் "40 வாட் மாட்யூல்" என்று ஒரு டையோடு மட்டும் இருந்தால், அது சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம். ஒளி 5 வாட் பக்கம்தான் இருக்கும். உதிரி டையோடு என்றால் கால்களைப் பாருங்கள்: பழைய சால்டர் ஒட்டியிருந்தாலோ கேன் விளிம்பில் இடுக்கித் தடம் இருந்தாலோ புரொஜெக்டர் தொகுதியிலிருந்து பிடுங்கியது. விலை பாதியாக இருந்தால் வாங்கலாம், புதியது என்ற விலைக்கு வேண்டாம்.

சுருள்கம்பி

கண்ணைக் காக்கும் கண்ணாடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மாட்யூலோடு இலவசமாக வரும் பச்சைக் கண்ணாடியை நம்பாதீர்கள். கண்ணாடியின் ஃபிரேமில் அலைநீள வரம்பும் ஓடி எண்ணும் (ஒவ்வொரு எண்ணுக்கும் ஒளி பத்தில் ஒன்றாகும்) அச்சிட்டிருக்க வேண்டும். 2 வாட் கதிருக்கு ஓடி 3 என்றால் 2 மில்லிவாட் உள்ளே வரும், போதாது. ஓடி 4 என்றால் 0.2 மில்லிவாட். 405-ல் இன்னும் கவனம் வேண்டும்: ஒரே பவரில் 450-ஐவிட அது கண்ணுக்கு ஏறத்தாழ 60 மடங்கு மங்கல். மங்கலாக இருப்பதால் இமை தானாக மூடாது, விழித்திரை முழுப் பவரையும் வாங்கிக்கொள்ளும். எந்திரத்தைச் சுற்றிப் பெட்டி அடித்து, கதவைத் திறந்தால் டிரைவரின் டிடிஎல் கீழே இழுபடும்படி ஒரு மைக்ரோஸ்விட்ச் வையுங்கள். ஃபோகஸை வெளியிலிருந்து பார்க்க, பெட்டிக்குள் ஒரு வெப்கேமரா போதும்.

மரக்கோடு

செம்பு மாட்யூல், டிடிஎல் டிரைவர், 20 மில்லிவாட் 405 மூன்றும் எடுக்கிறேன். அந்தச் சின்ன டையோடுக்கும் இதே டிடிஎல் டிரைவர் சரிப்படுமா?

ஒளிக்கணக்கு

படாது. ஆம்ப் கணக்கில் ஓடும் டிரைவரில் 40 மில்லிஆம்ப்பைச் சீராகத் திருக முடியாது. எல்எம் 317 ரெகுலேட்டர் ஐசியைக் கரண்ட் முறையில் போடுங்கள்: 1.25 வோல்ட்டை 0.04 ஆம்ப்பால் வகுத்தால் 31 ஓம். கடையில் 33 கிடைக்கும், 38 மில்லிஆம்ப் வரும். டையோடுக்கு 5, ரெசிஸ்டருக்கு 1.25, ஐசிக்கு 2 சொச்சம் சேர்த்தால் இன்புட் 9 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. அணைத்து ஏற்ற, மாஸ்ஃபெட்டை டையோடுக்குத் தொடராக இல்லாமல் பக்கவாட்டில் போடுங்கள்: அது திறந்தால் கரண்ட் அதன் வழியே போய் டையோடு அணையும், 38 மில்லிஆம்ப் ஓட்டம் எப்போதும் நிற்காது. அவுட்புட்டில் பெரிய கெபாசிட்டர் எதுவும் வைக்காதீர்கள்.