பையன் தனியா சைக்கிள்ல ஸ்கூலுக்கு போறேங்கறான், விடலாமா?

கேள்வி: பையனுக்கு 8 வயசு, ஒன்றரை கிலோமீட்டர்தான் ஆனா நடுவுல மெயின் ரோடு கிராஸ் பண்ணணும், நினைச்சாலே வயித்தை கலக்குது. எப்படி பழக்கறது?

பதில்: இப்போ தனியா வேணாம்ங்க. வண்டி என்ன வேகத்துல வருதுன்னு கணிக்கிற பக்குவம் இந்த வயசுல சரியா வராது, நின்னுட்டிருக்கற வண்டிங்களுக்கு நடுவுல புகுந்து வேற ஓடுவாங்க. ஒரு மாசம் கூடவே போங்க, எப்போ கிராஸ் பண்ணலாம்னு அவனையே சொல்ல சொல்லி பாருங்க.

பதில்: நாங்க நாலு வீட்டுக்காரங்க முறை வெச்சு பிள்ளைங்களை நடத்தியே கூட்டிட்டு போறோம். ஃபுட்பாத் இல்லாத இடத்துல எதிர்ல வர்ற வண்டி தெரியற பக்கமா நடக்கணும், சைக்கிள்னா வண்டிங்க போற திசையிலயேதான்.

பதில்: ஹெல்மெட்டை பின்னாடி தள்ளி போட விடாதீங்க, புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடைவெளிதான் இருக்கணும். என் பொண்ணு குப்புற விழுந்தப்போ நெத்தி தப்பிச்சது அதனாலதான்.