நகோயா ரயில் டயோரமா: இரவுக் காட்சிப் படங்களில் கருங்கோடுகள்

வணக்கம். ஜப்பானின் நகோயா நகரில் 2011-இல் திறக்கப்பட்ட லீனியர் ரயில் அருங்காட்சியகத்தின் மாபெரும் டயோரமாவைக் கடந்த சனிக்கிழமை பார்த்தேன். ரயில்வேயின் 24 மணி நேரத்தைச் சிற்றுருவில் காட்டும் அந்த அமைப்பில், விளக்குகள் மங்கி, நள்ளிரவில் தண்டவாளப் பராமரிப்பு நடக்கும் பகுதிதான் என் மனத்தை முழுவதுமாகக் கவர்ந்தது. ஆனால் அந்த இரவுக் காட்சியில் நான் எடுத்த ஏறத்தாழ எல்லாப் படங்களிலும் கிடைமட்டமாகக் கருங்கோடுகள் விழுந்துள்ளன. பகற்காட்சிப் படங்களில் அவை இல்லை.

என்னிடம் இருப்பது மின்னணு ஷட்டர் மட்டுமே கொண்ட மிரர்லெஸ் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 3200. ஜப்பானின் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால், விளக்குகளின் துடிப்பால் வரும் கோடுகளைத் தவிர்க்க, கேமராவில் நகோயாவுக்கு உரிய 60 ஹெர்ட்ஸ் தெரிவைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன், பயனில்லை. ஷட்டர் வேகம் 1/250 நொடியில் கோடுகள் அழுத்தமாகத் தெரிகின்றன. 1/60-இல் பெரும்பாலும் மறைகின்றன, ஆனால் ஓடும் ஷின்கான்சென் (அதிவேக ரயில்) கலங்கிவிடுகிறது. எல்இடி விளக்குகளின் ஒளியைக் குறைக்கும் முறையே காரணமோ என்று ஐயுறுகிறேன்.

இரண்டு வாரத்தில் மீண்டும் அங்கே செல்கிறேன். இதே கேமராவைக் கொண்டு, கோடுகளும் விழாமல் ரயிலும் கலங்காமல் அந்த இரவுக் காட்சியைப் படமெடுக்க வழி உண்டா?