வெங்காயத்துக்கு முடி பிடுங்கும் தாத்தா (எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழு, ஞாயிறு மதியம்)

சின்ன அத்தை: மணி 3 ஆகிறது. இங்கே ஒருவரும் கண்ணயரவில்லை. அப்பா வெங்காயத்துக்கு முடி பிடுங்கிக்கொண்டிருக்கிறார்.

பெரியம்மா: என்னது?!

சின்ன அத்தை: விளையாட்டில் அண்ணி. லண்டன்காரன் போன லீவில் விட்டுப்போன பழைய நிண்டெண்டோ 3டிஎஸ், கையில் வைத்து ஆடும் விளையாட்டுக் கருவி. அதில் ‘ரிதம் பாரடைஸ் மெகாமிக்ஸ்’ என்ற தாள விளையாட்டு.

லண்டன் அண்ணன்: அத்தை, அந்தக் கார்டு பத்திரம்! அமெரிக்காவில் ‘ரிதம் ஹெவன்’ என்ற பெயரில் 2016-இல் டவுன்லோடாக மட்டும்தான் விற்றார்கள். அந்த ஆன்லைன் கடையையும் 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

சித்தப்பா: 100 விளையாட்டுக்கு மேல் இருக்கிறதாமே. எல்லாம் புதிதா?

லண்டன் அண்ணன்: இல்லை சித்தப்பா. 70-க்கு மேல் பழையவை. 2006-இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற நிண்டெண்டோ கருவியில் தொடங்கியது, அப்புறம் டிஎஸ், வீ என்ற அவர்களுடைய மற்றக் கருவிகளில் வந்தவற்றில் பொறுக்கியது. பழைய பட்சணத்தை எல்லாம் கொட்டி மிக்சர் போட்ட மாதிரி.

பெரியம்மா: மிக்சரைப் பழையதில் போடுவார்கள் என்று உனக்கு யார் சொன்னது?

லண்டன் அண்ணன்: மன்னியுங்கள் பெரியம்மா 🙏

தாத்தா: முதலில் முடி ஒவ்வொன்றாக முளைக்கிறது. அடுத்த சுற்றில் அதே இடைவெளி விட்டுப் பிடுங்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்ததைக் கடம் திருப்பிச் சொல்லுமே, அதேதான். ஜப்பான்காரன் வெங்காயத்தில் வைத்திருக்கிறான்.

சித்தப்பா: அப்பா, எத்தனை பட்டன் அது?

தாத்தா: பட்டனா? கீழ்த்திரையில் தட்டினால் போதும். தொடையில் தாளம் போடுகிற கைதானே.

வாண்டு: தாத்தாவுக்கு ‘சூப்பர்ப்’ வந்தது. எனக்கு கராத்தேயில் மறுபடி ஆடச் சொல்லிவிட்டது 😭 பூந்தொட்டி பறந்து வரும்போது சரியாகப் பார்த்துத்தான் குத்தினேன்.

தாத்தா: பார்க்காதே. பாட்டைக் கேள். கண்ணை மூடிக்கொள்.

வாண்டு: மூடிக்கொண்டு ஆடினேன். இரண்டு தொட்டிதான் தப்பியது!!!

பெரியம்மா: நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்று ஞாபகம்.

லண்டன் அண்ணன்: தாத்தா, இதன் இசைக்குப் பொறுப்பு சுன்கு என்ற ஜப்பானியப் பாடகர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்நாண்களை எடுத்துவிட்டதாக 2015 ஏப்ரலில் அறிவித்தார். ஜூனில் ஜப்பானில் இந்த விளையாட்டு வந்தது.

தாத்தா: அப்படியா.

தாத்தா: அந்த நாயும் பூனையும் விமானத்தில் பறந்தபடி பூப்பந்து ஆடுகிறதே, அதைச் சத்தம் கூட்டி இன்னொரு தடவை கேட்கிறேன்.

சின்ன அத்தை: கேட்டுவிட்டார். மூன்று தடவை. காபி ஆறிப் பாலாடை கட்டிவிட்டது.

லண்டன் அண்ணன்: இப்போது ‘பெர்ஃபெக்ட்’ ஆடச் சொல்கிறதா தாத்தா? ஒரு தட்டு பிசகினாலும் போச்சு. மொத்தம் 3 வாய்ப்புதான்.

தாத்தா: இரண்டு போய்விட்டது. இரண்டும் கடைசி முடியில். இந்தப் போன் டிங் டிங் என்று தாளத்தைக் கெடுக்கிறது. பத்து நிமிடம் யாரும் எதுவும் போடாதீர்கள்.

பெரியம்மா: சரி மாமா.

சித்தப்பா: 👍

வாண்டு: 👍👍

தாத்தா: போடாதீர்கள் என்றேனே!