ஈஎஸ்பி-01 வைஃபை மாட்யூலில் புரோகிராம் ஏறவில்லை, யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் எஃப்டி232ஆர்எல்

தாமிரக்கம்பி: அடாப்டர் ஜம்பர் 3.3 வோல்ட்டில். போர்ட் தெரிகிறது. அப்லோட் கொடுத்தால் ‘கனெக்டிங்’ என்று புள்ளி புள்ளியாக ஓடி டைம்-அவுட் ஆகிறது. டிஎக்ஸ் (அனுப்பும் கால்), ஆர்எக்ஸ் (வாங்கும் கால்) குறுக்காகத்தான் மாட்டியிருக்கிறது. வேறென்ன பார்க்கணும்?

ஈயப்புகை: முதல் சந்தேகம் சப்ளை. அந்த 3.3 வோல்ட் அடாப்டரின் எஃப்டி232ஆர்எல் சிப்புக்குள் இருக்கும் ரெகுலேட்டரிலிருந்து வருவது; 50 மில்லிஆம்பியர்தான் தாங்கும். வைஃபை கிளம்பும்போது மாட்யூலில் இருக்கும் ஈஎஸ்பி8266 சிப் இழுப்பது 300-க்கு மேல். 5 வோல்ட்டை ஏஎம்எஸ்1117-3.3 ரெகுலேட்டர் வழியாகக் கொடுங்கள். மாட்யூலின் விசிசி (சப்ளை) காலை ஒட்டியே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். தள்ளி வைத்தால் ஜம்பர் வயரே பாதியைத் தின்றுவிடும். அடாப்டர், ரெகுலேட்டர், மாட்யூல் மூன்றுக்கும் கிரவுண்ட் பொது.

பத்துக்கே: சிஎச்_பிடி (சிப்பை இயக்கும்) காலை 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3-க்கு ஏற்றினீர்களா? புரோகிராமை ஏற்றுவதா, ஓட்டுவதா என்று தீர்மானிக்கும் ஜிபிஐஓ0 கால், ரீசெட் ஆகும் நொடியில் மட்டும்தான் படிக்கப்படும். அதை முதலில் கிரவுண்டில் மாட்டி, பிறகு ரீசெட்டை ஒருமுறை கிரவுண்டில் தொட்டு எடுங்கள். சீரியல் மானிட்டரை 74880 பாட் வேகத்தில் வைத்தால் பூட் மோட் எண் வரும்: 1 என்றால் புரோகிராம் ஏற்றத் தயார், 3 என்றால் பழைய புரோகிராமே ஓடுகிறது.

ஈயப்புகை: இன்னொன்று, ஜம்பரை நம்பாதீர்கள். சில போர்டுகளில் அது விசிசியை மட்டும் மாற்றும், டிஎக்ஸ் 5 வோல்ட்டிலேயே நிற்கும். மீட்டர் வைத்துப் பாருங்கள். 5 வந்தால், அதைக் குறைக்க 1 கே, 2 கே ரெசிஸ்டர் டிவைடர் போதும்.

தாமிரக்கம்பி: மானிட்டரில் 3. ஜிபிஐஓ0-வை ரீசெட்டுக்கு அப்புறம் தொட்டதுதான் தப்பு. இப்போது ஏறிவிட்டது.

பத்துக்கே: ஜிபிஐஓ0-வின் கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு ரீசெட் பண்ணுங்க, இல்லாவிட்டால் புரோகிராம் ஓடாது.